ஜல்லிக் கல்லில் இரும்பு இருக்கிறதா?

பத்தாம் வகுப்பில் 'கரைசல்கள்' பாடம். கரைபொருள், கரைப்பான் ஆகியவற்றின் நிலையைக் கொண்டு கரைசல்களை வகைப்படுத்தும் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திண்மத்தில் திண்மம் கரைவதற்கு எடுத்துக்காட்டு, தங்கத்தில் கரைந்த தாமிரம். பெரும்பாலும் இந்த வரியை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன்.

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு அருகே, ரமணாசிரமத்தைத் தாண்டிச் செல்லும் செங்கம் சாலையில் ஏதோ வேலைக்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தோடு ஒரு மாணவி வந்தாள். சாலையோரம் மழைநீர் ஓடிய தடத்தில் கிடந்த கறுப்பு மணல் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மறு கையில் ஒரு ஜல்லிக் கல். "சார், மணல்ல ஒட்டுது, கல்லுல ஒட்டல. அப்ப கல்லுல இரும்பு இல்லையா?"

"இல்லைம்மா, அதனால்தான் ஒட்டவில்லை" என்றேன். பாடத்தை முடிக்கும் அவசரம்.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் ஒரு மாணவன் வீட்டு நிலத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தா காலத்தில் கிணறு வெட்டி வரப்பில் போட்ட கல். வெளியே செம்பழுப்பு நிறம். சுத்தியலால் உடைத்ததும் உள்ளே ஜல்லியைப் போலவே நீலம் கலந்த கறுப்பு. உடைந்த முகத்தின் ஓரத்தில் மட்டும், ரொட்டித் துண்டின் விளிம்பு போல, நக அளவுக்குப் பழுப்புப் பட்டை. "சார், இது துரு மாதிரி இருக்கே. இரும்பு இல்லாம துரு எங்கிருந்து வந்துச்சு?"

நான் சொன்ன பதில் தவறு என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்லில் இரும்பு இருக்கிறது, ஆனால் அது இரும்பாக இல்லை. தனியாகவும் இல்லை. வேறொரு கனிமத்துக்குள் கரைந்து கிடக்கிறது. அதாவது, அன்று நான் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்த அதே 'திண்மத்தில் திண்மம்' வரிதான் அந்த மாணவியின் கையில் ஜல்லியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கலந்திருப்பதா, கரைந்திருப்பதா?

கடலை உருண்டையைக் கடித்தால் கடலை வேறு, வெல்லம் வேறு என்று தெரியும். இரண்டு பொருள், இரண்டு 'நிலைமை'. ஆங்கிலத்தில் ஃபேஸ் என்பதைத்தான் நம் வேதியியல் நூல்கள் நிலைமை என்கின்றன. பானகத்தில் வெல்லம் எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்ட முடியாது. அங்கே ஒரே நிலைமை. திண்மங்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. 22 காரட் நகையில் தங்கம் 91.6 சதவீதம். மீதியில் பெரும்பகுதி தாமிரமும் வெள்ளியும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் தாமிரத் துணுக்கு தனியாகத் தெரியாது. தங்க அணுக்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் சில இடங்களில் தாமிர அணு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதுவே திண்மக் கரைசல். ரேடியோ மெக்கானிக் உருக்கி வைக்கும் ஈயப் பற்று அப்படியல்ல. ஈயமும் வெள்ளீயமும் உருகும்போது ஒன்றாக இருந்து, குளிரும்போது ஈயம் மிகுந்த துகள், வெள்ளீயம் மிகுந்த துகள் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. மேலே பார்த்தால் ஒரே வெள்ளி நிறம். உள்ளே இரண்டு நிலைமை.

எது கரையும், எது பிரியும் என்பதை மாணவர்களுக்கு ஓர் உட்காரும் இடத்தின் கதையாகச் சொல்லலாம். இடத்துக்குச் சொந்தக்காரரும் வந்து உட்காருபவரும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்க வேண்டும். இருவரின் மின்சுமையும் பொருந்த வேண்டும். மக்னீசியம் 2+ அயனியின் ஆரம் 72 பைக்கோமீட்டர். இரும்பு 2+ அயனியின் ஆரம் 78. வித்தியாசம் எட்டு சதவீதம்தான், சுமையும் ஒன்றே. அதனால் மக்னீசியத்தின் இருக்கையில் இரும்பு 2+ எளிதாக உட்காரும். கால்சியம் 2+ அயனியின் ஆரம் 100. அது அந்த இருக்கையில் நெருக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். இரும்பு 3+ அயனி 64.5 பைக்கோமீட்டர்தான். இடம் போதும், ஆனால் சுமை ஒன்று கூடுதல். அதைச் சரிக்கட்ட வேறெங்காவது ஒரு சுமை குறைந்தாக வேண்டும். ஆக, 'இரும்பு எவ்வளவு கரையும்' என்ற கேள்வியும் 'இரும்பு எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது' என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. நாம் இவற்றை இரண்டு வெவ்வேறு பாடங்களில் நடத்துகிறோம்.

கல்லறைக் கல்லின் பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்தின் அடிப்பாறைகளில் சார்னோகைட், நைஸ், கிரானைட் மூன்றும் உண்டு. எல்லா ஜல்லியும் சார்னோகைட் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக உடைத்த முகம் நீலக் கறுப்பாக, எண்ணெய் தடவியது போல மினுங்கினால் சார்னோகைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நைஸ் என்றால் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு ஓடும்.

சார்னோகைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. கொல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக். அவருடைய கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறைக் கல்வெட்டு பொறித்த பலகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையும் ஒன்றே எனக் கண்டு, 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். உலகின் எந்தப் புவியியல் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும் ஒரு பாறைப் பெயர் நம்மூர்க் கல்லுக்கு வைத்த பெயர். பரங்கிமலைப் பாறை இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் குழந்தைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது விமான நிலையத்தை வேடிக்கை பார்க்கும் அதே இடத்தில் இதையும் காட்டலாம்.

இந்தப் பாறைக்கு அடையாளமான கனிமம் ஹைப்பர்ஸ்தீன். மக்னீசியம் சிலிகேட், இரும்பு சிலிகேட் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்த திண்மக் கரைசல் அது. மக்னீசியத்தின் இருக்கைகளில் பலவற்றை இரும்பு 2+ பிடித்திருக்கிறது. தனித்தனியாகச் சிதறி உட்கார்ந்திருப்பதால் இரும்புத் துண்டு போலவோ மேக்னடைட் போலவோ கூட்டாகச் சேர்ந்து காந்தத்தை இழுக்கும் வேலையை அது செய்வதில்லை. அதனால்தான் அந்த மாணவியின் காந்தத்தில் கல் ஒட்டவில்லை. அதே இரும்பு 2+ காற்றையும் மழையையும் பல ஆண்டுகள் பார்த்தபின் 3+ ஆகிறது. 3+ ஆனதும் பழைய இருக்கை பொருந்தாமல் வெளியேறி, ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் தனி நிலைமையில் படிகிறது. அந்தக் கிணற்றுக் கல்லின் பழுப்புப் பட்டை அதுதான்.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஜல்லிக் கல்லைப் பழைய துணியில் சுற்றி, திண்ணையில் வைத்துச் சுத்தியலால் பொடியாக்குங்கள். கண்ணில் சில்லு தெறிக்காமல் இருக்கத்தான் துணி. பிறகு காந்தத்தை பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு பொடியின் மேல் ஓட்டுங்கள். பை இல்லாமல் ஓட்டினால் காந்தத்தைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆகும், இது அனுபவம். சில கறுப்புத் துகள்கள் துள்ளி வந்து ஒட்டும். அவை மேக்னடைட், பாறைக்குள் தனி நிலைமையாக இருந்த இரும்பு. ஒட்டாமல் கிடக்கும் பழுப்பு கலந்த பச்சைத் துகள்களில்தான் கரைந்த இரும்பு. பழைய கணினி ஹார்டு டிஸ்கில் இருந்து எடுத்த நியோடிமியம் காந்தம் கிடைத்தால் இந்தத் துகள்களும் லேசாக நகர்வதைக் காணலாம். ஒரே கல்லில் இரும்பு இரண்டு விதமாகக் குடியிருக்கிறது என்று அந்த மாணவியே சொல்லிவிட்டாள். நான் செய்த வேலை, முன்பு சொன்னது தப்பு என்று வகுப்பில் ஒப்புக்கொண்டது மட்டும்.

கவுத்திமலையும் மேக்னடைட்டும்

மேக்னடைட் என்றதும் எங்கள் மாணவர்களுக்குக் கவுத்திமலை, வேடியப்பன்மலை நினைவுக்கு வரும். திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள அந்த மலைகளில் மேக்னடைட்டும் குவார்ட்சும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கே இரும்புத் தாது எடுக்கும் திட்டம் பேசப்பட்டதும், காட்டையும் மலையையும் காக்கக் கிராமத்தார் திரண்டதும் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி. சேலம் கஞ்சமலையும் இதே வகைத் தாதுதான். சேலத்துத் தாதுவை நம்பித்தான் 1830இல் ஜோசயா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். உருக்குவதற்குக் கரி வேண்டியிருந்ததால் காடுகள் அழிந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மேக்னடைட்டில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். மூன்றில் ஒன்று 2+, இரண்டு 3+ என்று எழுதி சுமையைச் சமன் செய்து காட்டுவோம். கணக்கு சரி. ஆனால் கூர்ந்து அளந்தவர்கள் கண்டது இன்னும் சுவையானது. அறை வெப்பநிலையில், எண்முகி இடங்களில் இருக்கும் 2+, 3+ இரும்புகளுக்கிடையே எலக்ட்ரான் அவ்வளவு வேகமாகத் தாவிக்கொண்டே இருக்கிறது. அளக்கும் கருவிக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிவதில்லை, 2.5+ என்ற சராசரியாகவே தெரிகின்றன. சுமார் 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால்தான் தாவல் அடங்குகிறது. 'ஆக்சிஜனேற்ற எண் பின்னமாக வருமா சார்?' என்று கேட்கும் மாணவனுக்கு 'சராசரி போட்டால் வரும்' என்று மட்டும் பதில் சொல்வதைவிட இதைச் சொல்லலாம்.

12ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. திட நிலைமைப் பாடத்தில் பெரஸ் ஆக்சைடின் உலோகக் குறைபாடு வருகிறது அல்லவா? மூன்று இரும்பு 2+ போகும் இடத்தில் இரண்டு 3+ வந்து ஓர் இருக்கை காலியாகிறது. ஆக்சிஜனேற்ற நிலை மாறினால் படிகத்தின் இருக்கைக் கணக்கே மாறும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு இல்லை.

அன்னபேதியும் மயில்துத்தமும்

கல்லில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கிறது. நான்கைந்து நாளில் பார்க்க வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். அன்னபேதி என்பது இரும்பு 2+ சல்பேட், ஏழு நீர் மூலக்கூறுகளோடு. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட், ஐந்து நீர் மூலக்கூறுகளோடு. இரண்டின் படிக வடிவமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நீரில் கரைத்துப் படிகமாக்கினால் என்ன வரும்?

மூன்று கண்ணாடிக் குவளை எடுத்துக்கொண்டேன். முதலாவதில் அன்னபேதி அதிகம், மயில்துத்தம் கொஞ்சம். மூன்றாவதில் நேர்மாறாக. நடுவில் சரிபாதி. ஒவ்வொன்றிலும் மொத்தம் 60 கிராம், 100 மில்லிலிட்டர் சூடான நீர், நாலைந்து சொட்டு நீர்த்த கந்தக அமிலம். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு 2+ காற்றில் 3+ ஆகி, கரைசல் கலங்கிப் பழுப்பாகிவிடும். வடிகட்டி, மேலே தாள் மூடி, அசைக்காமல் வைத்தோம். மயில்துத்தம் விஷம். கையுறை இல்லாமல் குழந்தைகள் தொடக் கூடாது. குவளைகளை மதிய உணவுப் பாத்திரங்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இந்த வேலையை நான்தான் செய்தேன். அவர்கள் பார்த்தார்கள், வரைந்தார்கள்.

முதல் குவளையில் வந்தவை அன்னபேதியின் வடிவம் கொண்ட படிகங்கள். ஆனால் பச்சை நிறம் நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. தாமிரம் இரும்பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது, ஒரே நிலைமை. மூன்றாவதில் மயில்துத்தத்தின் சாய்ந்த நீலப் படிகங்கள். அவற்றுக்குள் இரும்பு சிறிதளவே நுழைந்தது, மீதி இரும்பு மிஞ்சிய நீரில் தங்கிவிட்டது. அன்னபேதி தாமிரத்துக்கு நிறைய இடம் தரும், மயில்துத்தம் இரும்புக்குக் கொஞ்சமே இடம் தரும். நடுக் குவளையில் விகிதத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து இரண்டு வகையும் பக்கம் பக்கமாக வரலாம். அப்படி வந்தால் அதுதான் இரண்டு நிலைமை. கரைதிறனுக்கு எல்லை உண்டு என்பதை நீரில் உப்பு கரைத்துக் காட்டுகிறோம். திண்மத்திலும் எல்லை உண்டு என்பதற்கு இந்த மூன்று குவளை. ஒத்த அமைப்புள்ள உப்புகள் ஒரே வடிவப் படிகமாக வரும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிக் 1819இல் சொன்னதிலிருந்து இந்தத் துறையே தொடங்குகிறது.

படிகங்களை வெளியே எடுத்து வைத்தால் சில வாரத்தில் பச்சைப் படிகத்தின் மேல் மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி பூக்கும். 2+ மறுபடி 3+ ஆகிறது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் இறைத்தவுடன் தெளிவாக இருக்கும் தண்ணீர் குடத்தில் நின்றபின் செந்நிறமாவதும் இதே மாற்றத்தால்தான்.

எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சோதிக்கக் கடுக்காய் போதும். கடுக்காய்த் தூளை ஊறவைத்து வடித்த நீரில், இரும்பு ஆணி போட்டுப் புதிதாக வைத்திருந்த அன்னபேதிக் கரைசலை விட்டால் முதலில் நிறம் வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டு மெல்லக் கறுக்கும். அதே அன்னபேதிக் கரைசலில் சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்துவிட்டு ஊற்றினால் உடனே மை போலக் கறுக்கும். கறுப்பைத் தருவது இரும்பு 3+ உடன் கடுக்காயின் டானின் சேர்வது. எலுமிச்சைச் சாறு விட்டால் கறுப்பு மங்கும். சாற்றின் அமிலமும் வைட்டமின் சியும் சேர்ந்து அதைச் செய்கின்றன.

இந்தச் சோதனைக்கு வகுப்பறையில் இன்னொரு பயன் உண்டு. பள்ளிகளில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது பொதுவாக இரும்பு 2+ உப்பு. குடல் 2+ வடிவத்தைத்தான் எளிதாக உள்ளிழுக்கிறது. மாத்திரை போட்டுவிட்டு உடனே டீ குடித்தால் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உடலில் சேருவது கூடும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கும் பெண் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். கடுக்காய்க் குவளை கறுப்பதைப் பார்த்தபின் காலை டீயை மாற்றிக்கொண்டதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

டெல்லூரியத்தின் பக்கம்

ஆராய்ச்சிக் கூடங்களில் இப்போது இதே இரண்டு கேள்விகளை டெல்லூரைடுகளிடம் கேட்கிறார்கள். டெல்லூரியத்தை நாம் ஆவர்த்தன அட்டவணை நடத்தும்போது ஒரே ஒரு முறை சந்திப்போம். அதன் அணு நிறை 127.6, அடுத்த தனிமம் அயோடினுக்கு 126.9. நிறை வரிசை தப்பும் இடம். 1782இல் கண்டறியப்பட்டு, பூமியைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் 1798இல் பெயர் பெற்றது. ஆக்சிஜன், கந்தகம், செலினியம் ஆகியவற்றின் குடும்பம். ஆனால் உடல் பெரியது. ஆக்சைடு அயனியின் ஆரம் 140 பைக்கோமீட்டர், டெல்லூரைடு அயனிக்கு 221.

ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி தங்கச் சுரங்க ஊரில், ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தைப் பயனற்றது என்று நினைத்துச் சாலைப் பள்ளங்களில் கொட்டியதாகவும், 1896இல் அது தங்க டெல்லூரைடு எனத் தெரிந்ததும் சாலையைத் தோண்டி எடுத்ததாகவும் சொல்வார்கள். கேலவரைட் எனப்படும் அந்தக் கனிமத்தில் தங்கத்தின் இருக்கைகள் சிலவற்றில் வெள்ளி உட்கார்ந்திருக்கும். இயற்கை செய்த கலப்பு உலோக டெல்லூரைடு. எங்கள் செங்கம் சாலை ஜல்லியில் தங்கம் இல்லை என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது, அடுத்த நாள் சுத்தியலோடு கிளம்பிவிடுவார்கள்.

துத்தநாக டெல்லூரைடில் இரும்பைச் சேர்த்தால் இரும்பு 2+ துத்தநாகத்தின் இருக்கையில் உட்காருகிறது. சுமை ஒன்றே. ஆனால் துத்தநாக டெல்லூரைடின் படிக அமைப்பும் இரும்பு டெல்லூரைடின் படிக அமைப்பும் வேறு வேறு. அதனால் சிறு அளவுக்கு மேல் போனால் இரும்பு வெளியே தள்ளப்பட்டுத் தனி நிலைமையாகப் படிகிறது. மயில்துத்தக் குவளையில் பார்த்த அதே கதை. இரும்பு ஏன் பெரும்பாலும் 3+ ஆக வருவதில்லை? பெர்ரிக் அயோடைடு நிலையாக இருப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அயோடைடு அயனி எலக்ட்ரானைக் கொடுத்து 3+ ஐ 2+ ஆக ஒடுக்கிவிடும். அயோடினுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான டெல்லூரியமும் அப்படியே எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். ஆக்சைடில் 3+ ஆக நிலைக்கும் இரும்பு டெல்லூரைடில் 2+ ஆகவே நிற்க விரும்புகிறது. அதுவும் டெல்லூரைடில் பிணைப்பு பெரிதும் சகப்பிணைப்புத் தன்மை கொண்டது. அங்கே '2+' என்பது முழு உண்மை அல்ல, கணக்கு வைத்துக்கொள்ள ஒரு வசதி.

இரும்பு டெல்லூரைடு ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் அமைவதில்லை. எப்போதும் கொஞ்சம் இரும்பு கூடுதலாக, அடுக்குகளுக்கு இடையில் செருகி நிற்கும். பெரஸ் ஆக்சைடில் இருக்கை காலியாக இருந்தது, இங்கே இருக்கை இல்லாமல் நின்றுகொண்டு பயணம். டெல்லூரியத்தின் இடத்தில் ஏறத்தாழ பாதிக்குச் செலினியத்தைக் கரைத்தால் சுமார் 14 கெல்வினில் அது மீக்கடத்தியாகிறது. இரும்பு செலினைடு மட்டும் 8 கெல்வினில் மீக்கடத்தியாவதைத் தைவான் ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். செருகி நிற்கும் அந்தக் கூடுதல் இரும்பு மீக்கடத்தலைக் கெடுக்கிறது. எனவே எவ்வளவு இரும்பு, எந்த இருக்கையில், எந்த நிலையில் என்று அளந்தே ஆக வேண்டியிருக்கிறது.

அளப்பது எப்படி?

முதல் கேள்விக்கு எக்ஸ் கதிர். படிகத்தில் அணுக்களின் இடைவெளியை அது அளக்கிறது. கரைசலாக இருந்தால் சேர்க்கும் அளவுக்கேற்ப இடைவெளி சீராக மாறும். 1921இல் நார்வே நாட்டு வேகார்ட் சொன்ன விதி இது. மாறுவது நின்று, புதிதாக இன்னொரு தொகுதிக் கோடுகள் தோன்றினால் கரைதிறன் முடிந்து இரண்டாம் நிலைமை வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் கேள்விக்கு மோஸ்பவர் நிறமாலை. பரிசலில் நின்று கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் நகரும், தாவலின் வேகம் குறையும். படித்துறைக் கல்லில் நின்று தாவினால் கல் அசையாது. காமா கதிரை வெளிவிடும் அணுக்கருவும் பரிசல் போலப் பின்னடிக்கிறது. அது படிகத்தில் இறுகப் பதிந்திருந்தால் பின்னடிப்பு இல்லாமலே கதிரை வெளிவிட முடியும் என்று ருடால்ஃப் மோஸ்பவர் 1958இல், 29 வயதில் கண்டார். 1961இல் நோபல் பரிசு. இயற்கை இரும்பில் சுமார் 2 சதவீதம் இருக்கும் இரும்பு 57 என்ற ஐசோடோப்பு இதற்கு மிகப் பொருத்தமானது. கோபால்ட் 57 மூலத்தை ஓர் எறும்பு ஊரும் வேகத்தில், நொடிக்குச் சில மில்லிமீட்டர், முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த வேகத்தில் இரும்பு கதிரை உட்கவர்கிறது என்று பார்க்கிறார்கள். சிலிகேட், ஆக்சைடுகளில் 2+ என்றால் நொடிக்கு 1 மில்லிமீட்டருக்கு அருகில் அல்லது சற்று மேலே, 3+ என்றால் 0.3 முதல் 0.5 வரை. டெல்லூரைடில் சகப்பிணைப்பு காரணமாக இந்த எண்கள் இடம் மாறும். அதனால் ஆக்சைடின் அளவுகோலை அப்படியே அங்கே வைக்கக் கூடாது.

இந்தக் கருவியைச் சிறிதாக்கி 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் கையில் பொருத்தினார்கள். ஆப்பர்ச்சூனிட்டி அங்கே ஜாரோசைட் என்ற இரும்பு 3+ சல்பேட்டைக் கண்டது. ஹைட்ராக்சில் கொண்ட அந்தக் கனிமம் உருவாகத் தண்ணீர் தேவை. செவ்வாயில் ஒரு காலத்தில் அமிலத் தண்ணீர் இருந்ததற்கான சான்றுகளில் அதுவும் ஒன்று. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டிக்கு மின்சாரம் தருவதோ டெல்லூரைடுகள். புளுட்டோனியத்தின் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் அதன் கலத்தில் ஈய டெல்லூரைடும், ஜெர்மானியம், வெள்ளி, ஆன்டிமனி மூன்றையும் கொண்ட டெல்லூரைடுத் திண்மக் கரைசலும் இருக்கின்றன.

அந்த ஆண்டு இடைத்தேர்வில் 'திண்மக் கரைசலுக்கு எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தேன்: 'ஒரு கல் காந்தத்தில் ஒட்டவில்லை. அதில் இரும்பு இல்லை என்று சொல்லலாமா? உன் விடையைச் சோதிக்க என்ன செய்வாய்?' பாதிப் பேர் உடைத்துப் பார்ப்பேன் என்று எழுதினார்கள். சிலர் பொடித்து, வலுவான காந்தம் வைப்பேன் என்றார்கள். காந்தம் கொண்டுவந்த அந்த மாணவி எழுதியது: 'அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, பெராக்சைடு விட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். கறுத்தால் இருக்கிறது. கறுக்காவிட்டால் அமிலம் கல்லுக்குள் போகவில்லை என்றும் இருக்கலாம்.' ஹைப்பர்ஸ்தீன் அமிலத்தில் எளிதில் கரையாது என்பதை நான் அந்த வகுப்பில் சொல்லியிருக்கவே இல்லை.